சந்தையில் மூன்று வெள்ளாடு வாங்கியாச்சு: என்ன போடுவது, எவ்வளவு போடுவது?

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். வீட்டில் மாடு இருந்ததுண்டு, ஆடு இருந்ததில்லை. போன வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போய் மூன்று பெட்டை பிடித்து வந்தேன். பல்லை வைத்து வயது பார்க்கிற கணக்கில் இரண்டு ஆடுகள் ரெண்டு பல் போட்டவை. மூன்றாவது நாலு பல், சினை என்று சொல்லித்தான் கொடுத்தார். வயிற்றைப் பார்த்தால் சினை மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது. மூன்றும் கறுப்பு, நல்ல உயரம். சேலம் கருப்பு என்றார்கள்.

கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கர் மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா. வேலியோரம் கிளைரிசிடியா. சித்திரையில் பிடுங்கிய நிலக்கடலையின் கொடி ஒரு போர் கிடக்கிறது, கொஞ்சம் கேழ்வரகுத் தாளும் உண்டு. தண்ணீர் போர்வெல்லில் இருந்து. தங்குவதற்குப் பழைய மாட்டுக் கொட்டகை, மண் தரை.

குழப்பம் என்னவென்றால், தீவனக் கடையில் ஒரு மூட்டையை எடுத்துக் கொடுத்து, தின்னும் வரைக்கும் போடு என்கிறார். அம்மா இராத்திரி மீந்த சோற்றையும் களியையும் கரைத்து ஒரு குண்டானில் வைக்கிறார், மூன்றும் முட்டி மோதிக்கொண்டு குடிக்கின்றன. பகலில் தோப்பில் விட்டால் கீழே விழுந்த மாங்காயைத் தின்கின்றன. பக்கத்து வீட்டுத் தாத்தாவோ, ஆட்டுக்கு எதுக்கப்பா தீவனம், அவிழ்த்து விட்டால் அதுவே மேயாதா என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

நேற்றில் இருந்து ஒரு ஆடு புழுக்கை போடவில்லை, மாட்டுச் சாணி மாதிரி இளகலாகப் போடுகிறது. தீனி எடுக்கிறது, ஆனால் மற்ற இரண்டோடு சேராமல் சுவரோரம் நிற்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை கிடா

பயப்படாதீங்க சகோ. சந்தை ஆடு என்றால் ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும், வண்டியில் ஏறி வந்த களைப்பு. மக்காச்சோளத்தை உடைத்து ஆளுக்கு அரை கிலோ போடுங்க, மூணு மாசத்தில் ஆடு பளபளவென்று நிற்கும். நாங்கள் பக்ரீத்துக்குக் கிடா வளர்ப்பதே சோளத்தில்தான். தாத்தா பேச்சை விடுங்க, அந்தக் காலத்தில் மேய்ச்சலுக்குக் கரடு இருந்தது, இப்போது எல்லாம் பிளாட்டு.

பட்டிக்காரம்மா (பாப்பிரெட்டிப்பட்டி)

தம்பி, முதலில் அந்தக் குண்டானை எடுத்து வையுங்கள். அம்மா மனசு நோகாமல் சொல்ல வேண்டும் என்றால் களியைக் கோழிக்குப் போடச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். நம் பக்கம் புதிதாக ஆடு வாங்குபவர் வீட்டில் ஆடு செத்தது என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, நேற்று என்ன சோறு வைத்தீர்கள் என்பதுதான். கல்யாண வீட்டில் மீந்ததைக் கொண்டு வந்து கொட்டி, விடிவதற்குள் மூன்று ஆடு வயிறு ஊதிக் கிடந்த வீட்டை எனக்குத் தெரியும். பட்டினியில் செத்த வெள்ளாட்டை நான் பார்த்தது குறைவு.

காரணம் இதுதான். ஆட்டின் பெரிய வயிற்றில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் தழையையும் தாளையும் புளிக்க வைத்து ஆட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. மெதுவாகச் செரிக்கிற நார்தான் அவற்றுக்குப் பழக்கம். சோறு, களி, மாவு, உடைத்த சோளம், பழுத்த மாம்பழம் இவையெல்லாம் திடீரென்று நிறைய உள்ளே போனால் ஒரேயடியாகப் புளித்துப் போகும். புளிப்பு ஏறினால் அந்த உயிர்கள் செத்துவிடும், அசை நின்றுவிடும், கழிச்சல் எடுக்கும், ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கும். உங்கள் ஆடு இப்போது அந்த வழியில் பாதி தூரம் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். தின்கிறது என்பதால் இன்னும் கைக்குள்தான் இருக்கிறது.

இன்றைக்கு அந்த ஆட்டுக்குக் காய்ந்த கடலைக்கொடியும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு போட்டு அது தானாகக் குடித்தால் குடிக்கட்டும். இடது பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும் பாருங்கள், அங்கே முஷ்டியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிஷத்தில் ஒன்றிரண்டு முறை உள்ளே இருந்து மெதுவாகப் புரண்டு உங்கள் கையைத் தள்ளும். தள்ளினால் வயிறு வேலை செய்கிறது என்று அர்த்தம். தள்ளவே இல்லை, அல்லது தட்டினால் டமாரம் மாதிரி ஒலிக்கிறது, அல்லது கழிச்சலில் ரத்தம், மூக்கில் சளி, உடம்புச் சூடு என்றால் காத்திருக்காதீர்கள், 1962-க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஊதிக்கொண்டு மூச்சு வாங்கினால் வண்டி வருவதற்குள் கடலை எண்ணெய் 50 மில்லி கொடுக்கலாம். அதைக் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்து வாய்க்கு நேரே ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தாடை தரைக்கு நேர்மட்டமாக இருக்கட்டும். கடைவாய் ஓரத்தில், பல் இல்லாத இடத்தில் விரலை விட்டு இடுக்கை விரித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்குவதைத் தொண்டையில் பார்த்துவிட்டு அடுத்த மடக்கு. இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள்.

இனி தீனி. வெள்ளாடு தலையைத் தூக்கித் தழை கடிக்கிற பிராணி, மாடு மாதிரி குனிந்து புல் மேய்வது அதற்கு இரண்டாம் பட்சம். 30 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பச்சை, அதில் மூன்றில் ஒரு பங்காவது மரத்தழையாக இருக்கட்டும். அரை கிலோ கடலைக்கொடி. உங்களிடம் அந்தக் கொடி இருக்கிறதே, அதுவே பெரிய சொத்து, மழையில் நனைந்து பூஞ்சை பிடிக்காமல் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றுங்கள். கேழ்வரகுத் தாள் சும்மா வயிறு நிரப்ப உதவும். இவ்வளவும் கொடுத்த பிறகுதான் அடர்தீவனம், ஆட்டுக்கு 200 கிராம். ஊத்தங்கரைத் தம்பி சொன்ன அரை கிலோ சோளம் எடுத்த எடுப்பில் வேண்டாம். மூட்டை வாங்கப் போகிறீர்களா, வீட்டிலேயே கலக்கலாம். 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, கோதுமைத் தவிடும் துவரம் பொட்டும் சேர்த்து 3 கிலோ 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், பொடித்த கல்லுப்பு 100 கிராம். புண்ணாக்கு முகர்ந்தால் பூஞ்சை வாடை அடித்தால் விலை குறைவு என்று வாங்காதீர்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி, அப்படியே பத்துப் பதினைந்து நாளில் ஏற்றிக்கொண்டு வந்து 200 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். ஒருமுறை கடையில் எடை போட்டு, வீட்டு டப்பாவில் கோடு கிழித்து வைத்துக்கொண்டால் தராசு தேவை இல்லை.

தழையைத் தரையில் போடாதீர்கள். கிளையோடு வெட்டி, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி கட்டாகக் கட்டி, கொட்டகைக் குறுக்குக் கழியில் ஆட்டின் கண் உயரத்துக்குத் தொங்க விடுங்கள். ஆடு முன்னங்காலை ஊன்றி நின்று, நுனி இலையை உதட்டால் இழுத்து, அப்புறம் பட்டையை உரித்துத் தின்னும். அதே தழை தரையில் கிடந்தால் இரண்டு முறை மிதித்து, ஒருமுறை மூத்திரம் பெய்துவிட்டு, முகர்ந்து பார்த்துப் போய்விடும். சுத்தம் பார்ப்பதில் அதற்கு எங்கள் மாமியார் தோற்றார். கிளைரிசிடியாவின் பச்சை வாடை பிடிக்காமல் முதலில் ஒதுக்கும். முந்தின நாள் சாயங்காலம் வெட்டி வாட விட்டு, காலையில் கட்டுங்கள், பழகிவிடும்.

மாந்தோப்பு பற்றி எனக்குக் கவலைதான். காய் ஒன்றிரண்டு தின்றால் பரவாயில்லை. பழம் உதிர்கிற நேரத்தில் அவிழ்த்து விட்டால் அது சோற்றுக் குண்டான் கதையேதான். கொட்டை தொண்டையில் மாட்டி ஆடு மூச்சு முட்டுவதும் உண்டு. அதைவிட முக்கியம், தோப்புக்கு மருந்து அடித்திருந்தால் அடியில் உள்ள புல்லிலும் அது இறங்கியிருக்கும். உதிர்ந்ததைப் பொறுக்கிய பிறகு, மருந்து அடிக்காத பக்கத்தில், பனி காய்ந்த பிறகு விடுங்கள். ஈரப் புல்லின் நுனியில்தான் குடற்புழுவின் குஞ்சு ஏறி உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் ஆட்டுக்கு 4 முதல் 6 லிட்டர். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிற ஊர்கள் பல, அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆட்டுப் பல்லும் எலும்பும் அதற்கு விதிவிலக்கு இல்லை. குழாய்த் தண்ணீர் வருகிறது என்றால் அதிலேயே ஒரு வாளி வையுங்கள்.

மாந்தோப்புக்காரன்

அக்கா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன், முதலில் ஒன்றும் தெரியவில்லை, பொறுமையாக வைத்திருந்தபோது உள்ளே இருந்து தள்ளியது. களியை நிறுத்திவிட்டோம். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. ஆடு இப்போது மற்றவற்றோடு சேர்ந்து படுத்து அசை போடுகிறது, புழுக்கையும் கெட்டிப்பட்டு வருகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். என் மச்சான் பாலக்கோட்டில் இருந்து மல்பெரி மீதி கொண்டு வந்து தருகிறேன் என்கிறான். அரூரில் இருக்கும் சித்தப்பா மரவள்ளித் தழை ஒரு வண்டி தருகிறேன் என்கிறார். இரண்டும் காசில்லாமல் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா? அப்புறம், அந்த நாலு பல் ஆடு சினையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டுக்கூடு (பாலக்கோடு)

மல்பெரிக்கு நான் பதில் சொல்கிறேன், பட்டுப்புழு வளர்க்கிறேன், பட்டியில் ஆடும் இருக்கிறது. மல்பெரி இலை ஆட்டுக்குத் தங்கம், புரதம் நிறைய. ஆனால் எந்த மல்பெரி என்று மச்சானிடம் கேளுங்கள். தோட்டத்தில் கவாத்து செய்யும்போது வருகிற இலை, குச்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். புழுப் படுக்கையில் மீந்தது என்றால், அதன் மேல் நாங்கள் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் தூவியிருப்போம், புழு எச்சமும் கலந்திருக்கும். அதை நான் என் ஆட்டுக்குப் போடுவதில்லை, குப்பைக்குழிக்குத்தான் போகும். இலைக்கு மருந்து அடித்தால் புழுவே செத்துவிடும் என்பதால் தோட்டத்து இலையில் பூச்சிமருந்து பயம் குறைவு.

மரவள்ளி எங்கள் பக்கம் எல்லோரும் போடுகிறார்கள், ஒன்றும் ஆனதில்லை.

பட்டிக்காரம்மா

பட்டுக்கூடு தம்பி, ஒன்றும் ஆனதில்லை என்று எழுதி வைக்காதீர்கள், புதுசாக வருகிறவர்கள் படிக்கிற இடம். எங்கள் பக்கம் முழுக்க மரவள்ளிதான், நானும் போடுகிறேன், ஆனால் பச்சையாகப் போடுவதில்லை. தழையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு கிளம்பும் பொருள் இருக்கிறது. வெட்டி, பரப்பி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்தால் பெரும்பாலும் போய்விடும். பச்சைத் தழை காட்டில் ஆடு நுழைந்துவிட்டால் அரை மணி நேரத்தில் நடுங்கி, மூச்சிரைத்து, விழுந்துவிடும், டாக்டர் வருவதற்குக்கூட நேரம் இருக்காது. வண்டியோடு வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி, ஆனால் காயப்போட இடம் இருந்தால் மட்டும். இளஞ்சோளப் பயிரும் (மக்காச்சோளம் அல்ல) இதே ரகம். அதிலும் மழை பொய்த்துக் குட்டையாக நின்று, ஒரு மழைக்குத் திடீரென்று தளிர்த்த சோளம் ரொம்ப மோசம். பூ விட்ட பிறகு அறுத்தால் பயம் குறைவு. வரப்பில் அரளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், காய்ந்த இலையும் விஷம்தான்.

சினை விஷயம். கண்ணால் பார்த்து நிச்சயமாகச் சொல்வேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் உட்பட. வயிறு பெருத்திருப்பது தீனியாலும் இருக்கலாம், புழுவாலும் இருக்கலாம். வெள்ளாட்டுக்குப் பருவ சுழற்சி 21 நாள். கத்திக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, சாப்பிடாமல் நிற்கிறதா என்று அந்தக் கணக்கில் பாருங்கள். வராவிட்டால் சினைக்கு வாய்ப்பு அதிகம். மருந்தகத்தில் ஸ்கேன் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சினைக்காலம் 5 மாசம், 150 நாள். கடைசி ஒன்றரை மாசத்தில்தான் குட்டி வேகமாக வளரும். அப்போது அடர்தீவனத்தை இன்னொரு 100, 150 கிராம் கூட்டுங்கள், இரண்டு வேளையாகப் பிரித்து. ஈன்ற குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதெல்லாம் வேண்டாம். காம்பை ஒரு பீச்சு பீச்சி அடைப்பை எடுத்துவிட்டு, குட்டியை நீங்களே வாயில் கொடுங்கள். தொப்புளில் அயோடின் தடவுங்கள். மார்கழியில் ஈன்றால் மண் தரைக் குளிரே குட்டிக்கு எமன். கோணிப்பை விரித்து, காற்று வருகிற பக்கம் படுதா கட்டுங்கள்.

ஓய்வுக்கம்பவுண்டர்

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தீனி பற்றி அம்மா சொன்னதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை, ஊசி பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது மற்ற ஆடுகளோடு சேர்க்கக் கூடாது. இவருக்கு வேறு ஆடு இல்லை என்பதால் பிரச்சினை இல்லை, அடுத்த முறை வாங்கும்போது நினைவில் வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் சந்தையில்தான் ஒட்டிக்கொண்டு வரும். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாயில் புண், அப்புறம் நாற்றமடிக்கிற கழிச்சல், இந்த வரிசையில் வந்தால் அதுதான். தடுப்பூசி உண்டு, 4 மாசத்துக்கு மேற்பட்ட குட்டிக்குப் போடலாம், ஒருமுறை போட்டால் 3 வருஷம் தாங்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் போட வேண்டும். இளம்புல் முளைத்ததும் நன்றாகத் தின்ற ஆடு காலையில் துள்ளி விழுந்து சாகிறதே, அது இதுதான், செய்வினை அல்ல. உடம்பு சரியில்லாத ஆட்டுக்கும், வந்து இறங்கிய அன்றைக்கும் ஊசி போடச் சொல்லி அடம் பிடிக்காதீர்கள், தேறட்டும்.

குடற்புழுவுக்கு ஒரு சுலபமான சோதனை. கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள், வெளிச்சத்தில். நல்ல சிவப்பு அல்லது ரோஜா நிறம் என்றால் சரி. வெளுத்து, காகிதம் போல இருந்தால் ரத்தம் உறிஞ்சுகிற புழு வயிற்றில் நிறைய இருக்கிறது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி தொங்கினால் இன்னும் முற்றியிருக்கிறது. நாள் கணக்கு வைத்துக் கண்மூடித்தனமாக மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும், எடை பார்த்து அளவோடு கொடுக்க வேண்டும்.

ஊத்தங்கரை கிடா

சரி, எல்லோரும் சேர்ந்து என் சோளத்தைக் கொன்றுவிட்டீர்கள். நான் பழக்கித்தான் கொடுக்கிறேன் அம்மா, எடுத்தவுடன் அரை கிலோ என்று எழுதியது அவசரம், ஆனால் கிடாவுக்குச் சோளம் இல்லாமல் எடை வராது என்பதும் உண்மை.

பட்டிக்காரம்மா

விற்கிற கிடாவுக்குக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது. காயடித்த கிடாவுக்குத் தவிடும் சோளமும் மட்டும் போட்டு, தழை குறைத்து, தண்ணீரும் சரியாகக் காட்டாவிட்டால் மூத்திரக் குழாயில் கல் அடைக்கும். முக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகப் போய், வயிற்றை உதைத்துக்கொண்டு நிற்கும். பக்ரீத்துக்கு ஒரு வாரம் முன்னால் அப்படி ஆனால் மொத்தக் காசும் போச்சு. தீவனத்தில் உப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், தண்ணீர் அதிகம் குடிக்கும். மாந்தோப்புத் தம்பியிடம் இருப்பது பெட்டைகள், அவருக்கு உங்கள் கணக்கு பொருந்தாது.

தம்பி, போர்வெல் இருக்கிறது என்றீர்களே, வாய்க்கால் ஓரம் ஐந்து சென்ட்டில் வேலிமசால் விதையுங்கள், இன்னொரு ஐந்து சென்ட்டில் கம்பு நேப்பியர் கரணை ஊன்றுங்கள். வேலிமசால் 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை. விதை, கரணைக்கு மத்திகிரி கால்நடைப் பண்ணையிலோ எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். வேலியோரம் அகத்தி நாலு நட்டு வையுங்கள்.

மாந்தோப்புக்காரன்

இமையை இழுத்துப் பார்த்தேன். ரெண்டு பல் ஆடுகள் இரண்டும் நல்ல சிவப்பு. நாலு பல் ஆட்டுக்குக் கொஞ்சம் வெளுப்புதான். நாளைக் காலையில் அதை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் புழு மருந்து கொடுத்துவிட்டு, சினையும் பார்த்து வருகிறேன்.

ஓய்வுக்கம்பவுண்டர்

வரிசையை மாற்றுங்கள். முதலில் சினை பார்க்கட்டும், அப்புறம் புழு மருந்து. பார்க்க முடியாவிட்டாலும் சினையாக இருக்கலாம் என்று டாக்டரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். ஆல்பென்டசோல் இளஞ்சினைக்கு ஆகாது, குட்டி ஊனமாகலாம், அதற்குப் பதில் ஃபென்பென்டசோல் மாதிரி வேறு மருந்து கொடுப்பார்கள். போகும்போது காலையில் போட்ட புழுக்கையில் ஒரு பத்துப் பன்னிரண்டு எடுத்து பாலிதீன் கவரில் கொண்டு போங்கள், பரிசோதித்துப் பார்த்து எந்தப் புழு என்று சொல்லிவிடுவார்கள்.